பன்னிரண்டு வார மாவுக்கட்டு

நவம்பர் 4, 1968, திங்கள்

முயல் கொட்டகையை இன்றும் நானே கூட்டினேன். மில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பழைய பஞ்சுக் கிடங்கு இது. மில்லின் சடுகுடுக் குழு கோப்பை வாங்கிய வருஷம், "ஆட்டக்காரங்க காலுக்கு ஏதாச்சும் கண்டுபிடிங்கம்மா" என்று முதலாளி ஒதுக்கிக் கொடுத்தார்.

கண்டுபிடித்தாயிற்று என்றுதான் நினைக்கிறேன். அறுந்த தசைநாணைத் தைத்து, காலை அசையவிடாமல் கட்டி வைத்த முயல்களுக்கு, எடை தொங்கவிட்டதும் தைத்த இடம் விட்டுப்போகிறது. மூன்றாம் வாரத்திலிருந்து பாதத்தைத் தினமும் கொஞ்சம் அசைத்துவிட்ட முயல்களுக்குத் தாங்குகிறது. பெரிய டாக்டர் சிவசுப்பிரமணியத்திடம் காட்டினேன். "முயல் ஷிப்டுக்குப் போறதில்லீங்களே, சாமியாத்தாள்" என்றார். சிரிக்க வேண்டிய இடம். சிரித்து வைத்தேன்.

அதன்பின் கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போனேன். இத்தனை வருஷ வேலைக்கு முடிவு வந்திருக்கிறது. மனசில் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

சாமளாபுரத்தில் ஆட்டம். மில் குழுவுக்காகப் பாடிப் போன என் அண்ணன் குமாரவேல் கோட்டுக்குத் திரும்ப எம்பியபோது, யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை.

குதிகால் நரம்பு முழுசாக அறுந்திருக்கிறது. புத்தகத்தில்தான் தசைநாண். எங்கள் ஊரில் உடம்புக்குள் நீளமாக ஓடுவதெல்லாம் நரம்பு.

அண்ணன் பதினைந்து வயதில் மில்லுக்குப் போனதால்தான் நான் டாக்டர். அவர் காலை அமுக்கிப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்ல அறுப்பு, சுத்தமாகத் தைக்கலாம் என்று. சீ.

நவம்பர் 11

தைத்தேன். பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றார். முடித்ததும் தையல்களை எண்ணிப் பார்த்தேன், முயலுக்கு எண்ணுவது போலவே.

டிசம்பர் 2, திங்கள்

மூன்று வாரம் முடிந்தது. மாவுக்கட்டை இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்து, டப்பா மூடி மாதிரி எடுத்துப் போடும்படி செய்தேன். தினமும் மூடியை எடுத்துவிட்டு, பாதத்தைக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே அசைக்க வேண்டும். பிறகு மறுபடியும் மூடிக் கட்டிவிட வேண்டும். அண்ணன் மனைவி மருதம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நங்கை (எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்) மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறவர். ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னும் கட்டு இருக்கோணும்னுதான் நான் சொல்லுவேன். உங்க அண்ணன், உங்க பொறுப்புங்க." கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நல்ல மனுஷர்தான், அதுதான் சங்கடம்.

ஜனவரி 20, 1969

அண்ணன் குதிகால் உயர்த்திய செருப்போடு வராந்தாவில் நடந்தார். நரம்பை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தேன். பள்ளம் இல்லை.

"கூடிருச்சுங்ணா" என்றேன்.

நங்கை அங்கேயே பழனி இருக்கும் திசைக்குத் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

அண்ணனை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மறுபடியும் அறுந்துவிட்டது.

நங்கை வேண்டியிருக்கிறார்: நரம்பு கூடியதும் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே வருகிறோம் என்று. இங்கே எலும்போ நரம்போ கூடிவிட்டது என்றால் விவகாரம் முடிந்தது, ஆள் பழையபடி ஆகிவிட்டான் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் சாமி குத்தம். தைப்பூசமும் வந்துவிட்டது. என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? சொன்னதே நான்தானே. எனக்குக் கூடுவது என்றால் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பலம் வர இன்னும் ஆறு மாதம் ஆகும். அந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. கூடவே வளர்ந்தவர்களுக்கு எதற்கு விளக்கம் என்று இருந்துவிட்டேனா? இல்லை, சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லையா?

அவிநாசிபாளையம் வரை பார்த்துப் பார்த்துத்தான் நடந்திருக்கிறார். அங்கே தங்கிய இடத்தில் பம்பை அடித்திருக்கிறார்கள். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடிவிட்டார்.

"ஏங்கண்ணு, கூடிருச்சுன்னுதான சொன்னே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 31

இந்தத் தடவை பெரிய டாக்டர் தைத்தார். நான் தோலை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் தைத்த இடம் அப்படியே இருந்தது. கெட்டியாக, வெள்ளையாக. அறுந்தது அதற்கு மேலே, இரண்டு விரல் தள்ளி. பெரிய டாக்டரும் பார்த்தார், ஊசியைக் கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. நிஜமான சந்தோஷம், மாதக்கணக்கில் வராதது. அண்ணன் கால் திறந்து கிடக்கும்போது. நான் என்ன ஜென்மம்?

பிப்ரவரி 3, திங்கள்

மில் மேனேஜர் அறையில் எல்லோரும்: பெரிய டாக்டர், நங்கை, நான். "பரிசோதனையெல்லாம் முயலோட நிக்கட்டுங்க" என்றார் மேனேஜர். தைத்த இடம் தாங்கியதைச் சொன்னேன். "மறுக்கா அறுந்துதுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார். அறுந்ததுதான்.

பெரிய டாக்டர் பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு என்றார், துளிகூட அசையக் கூடாது. இவ்வளவு நாள் வைத்தால் கணுக்கால் இறுகிப்போகும் என்றேன். நங்கையாவது என் பக்கம் பேசுவார் என்று அவரைப் பார்த்தேன்.

"வேண்டாங்க அம்மிணி. பெரிய டாக்டரய்யா சொல்றபடியே உட்டுருங்க. அவரு கால ஆட்டாம நாம் பாத்துக்கறேன்" என்றார் நங்கை, மேனேஜரைப் பார்த்தபடி.

சரி என்றேன்.

பிப்ரவரி 19

கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முயல்களை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் மில் ஆட்களின் லைன் வீடுகள் பக்கம் குழம்பு வாசனை வந்தது. நான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

மார்ச் 6

இருமல். பேதி. இருமல். இஞ்செக்ஷன். இப்போது எனக்கு வெளிநோயாளிகள் மட்டும்தான்.

மார்ச் 22

அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று மண்ணரை வரை நடந்தேன். தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள். பெரிய டாக்டர் வார்டில் இருந்தார், என்னைப் பிரித்து வைக்கச் சொன்னார். அறையில் அண்ணன், நங்கை, நான், மூன்று பேர்தான்.

ரம்பத்தை வைத்து அழுத்தக்கூட இல்லை, கட்டு தானாக இரண்டாகப் பிரிந்து வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நீளமாக, நேராக, ஏற்கெனவே அறுத்திருந்தது. கட்டிங் கத்திரிக்கே உரிய நேர்கோடு. மேலே சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள். உள்ளே பனியன் வேஸ்ட் துணி, மெத்தென்று.

நங்கையைப் பார்த்தேன்.

"நீங்க முயலுக்குச் செஞ்சதத்தாங்க அம்மிணி செஞ்சோம். மூணு வாரம் கழிச்சு. தெனமும்."

"அன்னைக்கு மேனேஜர் முன்னால..."

"அன்னைக்கு வேற என்னத்தச் சொல்றதுங்க? இவரு வேல நிக்கோணுமல்லோ. ஆப்பரேசனப்ப நானும் வெளிய நின்னனுங்க. நீங்க தெச்ச எடம் உட்டுப்போகுலீன்னு நர்சம்மா சொன்னாங்க."

அண்ணன் பாதத்தை மேலே மடக்கினார், கீழே நீட்டினார். எங்கேயும் தட்டவில்லை. பன்னிரண்டு வாரம் கட்டியிருந்த கால் இப்படி அசையாது. எந்த ஊரிலும் அசையாது.

செருப்புச் சத்தம் கேட்டது. நான் கட்டைப் பொடிப்பொடியாக உடைத்து வாளியில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்? யோசிக்கவே இல்லை. பெரிய டாக்டர் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சாமியாத்தாள்? பொறுமை வேணுங்க."

"ஆமாங்க" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அண்ணன் இனி ஆட மாட்டார், ஆனால் குழுவுக்குக் கோச்சாகப் போட்டிருக்கிறார்கள். பையன்களோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்.

பெரிய டாக்டர் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்: நீண்ட நாள் அசைவின்றி வைத்ததால் முழுக் குணமடைந்த ஒரு விளையாட்டு வீரர். டிசம்பரில் மெட்ராஸ் மாநாட்டில் வாசிக்கப் போகிறார். அண்ணனையும் மேடையேற்றுவாராம். ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொன்னார். திருத்திக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை. மற்றபடி எல்லாமே தப்பு.

டிசம்பர் 12, ரயிலில்

பெரிய டாக்டர் முன்பெட்டியில். அண்ணன் எனக்கு எதிரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஈரோடு தாண்டியதும் கேட்டார்:

"கண்ணு, கால அசைக்காமயே வெச்சிருந்தீங்களான்னு மேடையில என்னையக் கேப்பாங்களாமா. என்னன்னு சொல்லட்டும்?"

நான் கடலைத் தோலைக் காகிதத்தில் கூட்டி வைத்தேன்.

"நீ சொல்லுன்னா நெசத்தச் சொல்லிப்போடறேன். வேல போனாப் போகுது. படிச்சவிங்க அத்தன பேரு உக்காந்திருப்பாங்க, ஒருத்தராச்சும் உன்ற பேச்சக் கேப்பாங்க. கொட்டாய மறுக்காக் குடுப்பாங்க."

கொடுக்கலாம். ஒருத்தர் கால் எதையும் நிரூபித்துவிடாது, ஆனால் ஆரம்பிக்க அது போதும். எனக்கு வேண்டும். அந்தக் கொட்டகை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது, ஓடுகிற ரயிலில். ஆனால் நிஜம் தெரிந்தால், மேனேஜரிடம் பொய் சொன்னதற்கு அண்ணனை மறுநாளே வெளியே அனுப்புவார்கள். முப்பத்திரண்டு வயது, சடுகுடுவையும் மில்லையும் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காக உழைத்தவர். இன்று கேட்கிறார்.

"ஆமாங்கன்னு சொல்லிருங்ணா."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்ணா."

கடலையை என் கையில் கொட்டினார்.

டிசம்பர் 13, சனி, மெட்ராஸ்

பெரிய கூடம். அண்ணன் புது வேட்டி கட்டியிருந்தார். மேடையில் இரண்டு குதிகாலையும் தூக்கி, விரல்நுனியில் நின்று காட்டினார். முன்வரிசையில் ஒரு வயதான டாக்டர் எழுந்து, "பன்னிரண்டு வாரமும் பாதம் அசையவே இல்லையா? நம்ப முடியவில்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரிய டாக்டர் அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னார்.

அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் கடைசி வரிசை. கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆமாங்க" என்றார். "அசைக்கவே இல்லீங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "போதும்மா" என்றார்.