கணவரின் கூற்றுப்படி

02.09.2025, செவ்வாய்

நாளைக்குக் கிளினிக். குறிஞ்சாக்கேணியிலிருந்து டவுனுக்குப் போய்வர உடம்பில் கொஞ்சமாவது தெம்பு வேண்டுமே என்று நேற்றும் இன்றும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு ஐந்து மாதம். இன்னும் குளித்தால் ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டியிருக்கிறது. டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

03.09.2025, புதன்

சீ! என்ன மனிசன் அவர்!

அபாயாவை அயன் பண்ணி, முகத்துக்குப் பவுடர் போட்டுத்தான் போனேன். டொக்டரிடம் அலங்கோலமாகவா போவது? "எப்பிடி டீச்சர், சுகமா இருக்கிறீங்களோ?" என்றார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் டொக்டர்." வாய் முந்திவிட்டது. யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தானே வளர்ந்தோம்! சாவு விழுந்த மையித்து வீட்டிலும் அதைத்தான் சொல்வோம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகுதான் தொடங்கினேன். "இது களைப்பில்ல டொக்டர். களைப்பெண்டாப் படுத்தெழும்பினாப் போகும். இது எழும்பக்குள்ளயே இருக்கு. ஒரு நாள் வேலை செஞ்சா மூணு நாள் விழுந்து கிடக்கன்."

"இப்பதானே சுகமெண்டு சொன்னீங்கள்?" பக்கத்தில் நின்ற தாதி சிரித்தாள். டொக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ரத்தமெல்லாம் நல்லா இருக்கு. களைப்பு எனக்கும்தான் இருக்கு."

அதோடு என்னை விட்டுவிட்டு என் கணவர் ஜவ்பரைப் பார்த்தார். "வீட்டு வேலையெல்லாம் ஆர் செய்யிறது?"

"இவதான் டொக்டர். எல்லாம் இவதான்."

பொய்! பச்சைப் பொய்! ஏப்ரலிலிருந்து குசினியில் நின்று சோறாக்குவது அவர். என் உடுப்பைக் கழுவுவது அவர். டொக்டர் விற்றமின் குளிசை தந்து, விடிய எழும்பி நடக்கட்டாம். நடக்கிறதாம்!

04.09.2025

எழும்ப ஏலாது.

05.09.2025

இன்றும் ஏலாது. இப்ப வந்து பாருங்க டொக்டர், பவுடர் இல்லாத இந்த முகத்தை.

07.09.2025, ஞாயிறு

இன்றைக்குத்தான் சண்டை பிடிக்கத் தெம்பு வந்தது. "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கிளினிக் கதவடியில பக்கத்து மீன்கடை இக்ராம் நிண்டவன். மார்க்கட் முழுக்கச் சொல்லித் திரிவான். பொறகு நான் எப்பிடி அங்க மீன் விக்கிற? நான்தான் சோறாக்குறன் எண்டு சொல்லவா?"

"அப்ப ஒங்கட மானத்துக்கு நான் சுகமா இரிக்கணுமா?"

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு மீன் கழுவப் போய்விட்டார். நல்லாத்தான் ஆக்குகிறார், பாவி. அதுவும் எரிச்சல்.

12.09.2025, வெள்ளி

கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். இந்த மாதம் முடிவதற்குள் மருத்துவ அறிக்கை கொடுக்காவிட்டால் நானாகவே வேலையை விட்டுப் பதவியை வெறிதாக்கியதாகக் கருதப்படுமாம்.

பதினாறு வருசம் படிப்பித்தேன். கதிரையில் நான் இல்லையென்றால் ஓடிவிட்டேன் என்று அர்த்தமா? இனி நான் டீச்சர் இல்லையா? அறிக்கை தரவேண்டிய ஆளோ நான் நல்ல சுகம் என்று எழுதி வைத்திருக்கிறார். மாதம் முடிய முன் ஒரு கிளினிக்தான் இருக்கிறது.

23.09.2025, செவ்வாய்

நாளைக்கு அந்தக் கிளினிக். இந்த முறை படுத்து உடம்பைச் சேர்த்து வைக்கவில்லை. வேண்டுமென்றே சோறாக்கினேன், உடுப்புக் கழுவினேன், வீடு கூட்டினேன். நான் விழுந்து கிடக்கிற நாளில் அந்த டொக்டர் என்னைப் பார்க்கட்டும். ஜவ்பர் தும்புத்தடியைப் பிடுங்க வந்தார். "விடு ஸல்ஹா, சாகப் போறியா?"

"நீங்க டொக்டருக்குச் சொன்னதத்தான் செய்றன். எல்லாம் நான்தானே!" என்று கத்தினேன்.

பேனை நழுவுது. எழுத ஏலாம—

27.09.2025, சனி

இன்றைக்குத்தான் பேனை பிடிக்க முடிகிறது.

புதன்கிழமை ஓட்டோவிலிருந்து என்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள். டொக்டரின் அறைக்குள் நோயாளிகள் குந்துகிற வாங்கில் சரிந்து படுத்துவிட்டேன். "சாப்பிடாம வந்தீங்களோ?" என்றார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அப்போது ஜவ்பர் வெளியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார். "டொக்டர், போன முறை நான் பொய் சொன்னனான். சோறாக்குற நான். உடுப்புக் கழுவுற நான். இவட தலைய வாரி விடுறதும் நான்தான். நேத்து ஒரு நாள் வேலை செஞ்சா, இந்தா கிடக்கா பாருங்க."

டொக்டர் பேனையை எடுத்தார். இருபது நிமிசம் கேள்வி கேட்டார், அத்தனையும் ஜவ்பரிடம். பிறகு அறிக்கை எழுதித் தந்தார். ஜவ்பரின் முகம் சிவந்து போயிருந்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

29.09.2025, திங்கள்

அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்க முன் வாசித்துப் பார்த்தேன். இங்கிலீசில் இருந்தது. கணவரின் கூற்றுப்படி நோயாளிக்குப் படுத்தெழும்பினாலும் களைப்புப் போவதில்லை. கணவரின் கூற்றுப்படி ஒரு நாள் வேலைக்குப் பின் மூன்று நாள் படுக்கை. நாலு இடத்தில் கணவரின் கூற்று. நோயாளியின் கூற்று ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் திகதி நான் சொன்ன கதைதானே இது! சொல்லுக்குச் சொல் நான் சொன்னதுதானே! என்ட வாயில இருந்து வந்தா அது பொய்யா? வேலை தப்பினால் போதும் என்று ஜவ்பரிடம் கொடுத்து அனுப்பினேன்.

16.10.2025

ஆறு மாத லீவு கிடைத்துவிட்டது. வேலையும் தப்பிவிட்டது. ஜவ்பர் கண் கலங்கினார். எனக்கு அழுகை வரவில்லை.

22.10.2025, புதன்

கிளினிக். ஜவ்பரை வெளி வாங்கில் இருக்கச் சொன்னேன்.

"தனியச் சொல்ல ஏலுமா?"

"ஏலாட்டியும் நான்தான் சொல்லணும்."

உள்ளே கட்டிலில் படுத்தபடியே சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்தி, திரும்பத் தொடங்கி. டொக்டர் இரண்டு தடவை கதவைப் பார்த்தார். "அவரையும் கூப்பிடுவமோ?"

"தேவல்ல டொக்டர். நோயாளி சொல்றா எண்டு எழுதுங்க."

எழுதினார்.