கிட்டப் போய் எடுக்க வேண்டிய கேமரா

என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் உயிருக்கு உயிரானவரே என்று தொடங்கலாமா என்று பார்த்தேன், நீங்களே சிரித்துவிடுவீர்கள். அதனால் எப்போதும்போல என்னங்க என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இன்றைக்கு ஒரே ஒரு காலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் அதில் வரும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு மழைக்காலம் முழுக்க உங்கள் கேமராப் பையை நான் திறக்கவில்லை. மனம் வரவில்லை. திறந்த அன்று உள்ளே ஈரம் ஏறி, கேமரா செத்துக் கிடந்தது. பிஸ்கட் டின்னில் மூடி வைத்திருந்த நீள லென்ஸ் மட்டும் தப்பியிருந்தது. நம் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் பண்டாரவளையில் ஏதாவது துணிக்கடையில் வேலைக்கு நிற்கச் சொன்னார் உங்கள் தம்பி. பதினொரு வருடம் உங்களுக்குப் பக்கத்தில் லைட் பிடித்தவள் நான். பந்தியில் சாப்பிடுகிறவர்களை மட்டும் எடுக்க விடுவீர்கள், அதிலும் பாதியை அழித்துவிடுவீர்கள். அந்த அனுபவத்தை நம்பி யார் கூப்பிடப் போகிறார்கள்?

லெட்சுமி அக்கா கூப்பிட்டார். தோட்டத்து மேல் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், புருஷன் இறந்து பதினைந்து வருடம், ஒரே மகள் தர்ஷினி. அந்தப் பிள்ளைக்கு வெலிமடையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், மரக்கறி வியாபாரம் செய்கிற குடும்பம். வேறு ஆளைத் தேடவே மாட்டேன், நீதான் எடுக்க வேண்டும் என்று ஸ்டூடியோ வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தாலி கட்டும் படம் சரியாக விழாவிட்டால் அதோடு என் தொழில் முடிந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதுளைக்குப் போய், உங்களுக்குக் கேமரா விற்ற முஸ்லிம் கடைக்கார நானாவைப் பார்த்தேன். புதியது வாங்க நமக்கு வழியில்லை என்று சொல்லாமலே புரிந்துகொண்டு, பாவித்த பழைய கேமரா இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று உங்களுடையதைப் போல உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் ரகம். நல்ல கனம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் கல்யாணம் முழுக்கத் தாங்கும், உங்கள் நீள லென்ஸ் அப்படியே பொருந்தும். மற்றது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். கைக்குள் அடங்குகிறது, பெட்டரி சீக்கிரம் இறங்கும், உங்கள் லென்ஸ் சேராது. அதோடு வந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு ஆட்களுக்குக் கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆனால் படம் வெளிச்சமாக வருமா, இருட்டாக வருமா என்பது எடுக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. படம் எடுக்கும்போது வரும் சத்தத்தையும் நிறுத்திவிடலாம்.

நானா விலையைப் பற்றிப் பேசவில்லை. “ரெண்டையும் கொண்டு போங்க தங்கச்சி, கல்யாணத்துல வெச்சுப் பாருங்க. ஒங்களுக்குச் சரிவராதத திங்கக்கிழம கொண்டு வந்தாப் போதும்” என்றார். ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: மிரர்லெஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவிட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு விழும்.

பஸ்ஸில் நம் லுணுகலைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் நான் கேமராவைப் பற்றி யோசித்தேன் என்று நினைக்கிறீர்களா? தாலி ஏறும் நேரத்தில் மணவறைக்கு முன்னால் நிற்பது யார் என்பதைத்தான் யோசித்தேன். நீங்கள் இருந்தவரை நான் லைட் பிடிக்கிற பெண், சுமங்கலி. இப்போது நெற்றி வெறுமையாக இருக்கிறது. அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்களை யாரும் முன்னால் நிற்க விடுவதில்லை. நீள லென்ஸ் இருந்தால் தூணுக்குப் பின்னால் நின்றே எடுத்துவிடலாம், ஒருவர் வாயிலும் விழ வேண்டியதில்லை. சின்னக் கேமரா என்றால் மணப்பெண்ணுக்கு இரண்டடி தூரத்தில் போய் நிற்க வேண்டும். கண்ணாடி ரகத்தையே வாங்கிவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பயம்தான், வேறென்ன?

கல்யாணக் காலை மாரியம்மன் கோயிலுக்கு முதல் ஆளாகப் போனேன். வெளியே பனி மூட்டம், உள்ளே மணவறைக்கு மேல் ஒரு டியூப் லைட். சின்னக் கேமராவில் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நானா சொன்னது சரி, சுவரெல்லாம் வரிவரியாகக் கோடு. பூசாரியிடம் சொல்லி அந்த லைட்டை அணைக்க வைத்தேன். கதவு வழியாக வரும் வெளிச்சம் போதும் என்று நினைத்தேன்.

ஆட்கள் வந்து நிறைந்ததும் கண்ணாடிக் கேமராவோடு பின்னால் போய்விட்டேன். அங்கே தூணோடு ஒட்டி லெட்சுமி அக்கா நின்றார். பெற்ற மகளின் கல்யாணத்துக்குப் பின்வரிசையில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெண்ணை அழைத்து வந்தார்கள். எடுத்தேன். படக், படக் என்ற சத்தத்துக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்ததைப் பார்த்தேன். தலைகளும் தூக்கிப் பிடித்த போன்களும்தான் விழுந்திருந்தன, இடையில் தர்ஷினியின் முகம் இருட்டாக இருந்தது. கண்ணில் பளிச்சென்று தெரிந்தது படத்தில் வரவில்லை. நீங்கள் பழக்கத்தில் திருகிவிடுகிற அளவுகள் எனக்குப் பிடிபடவில்லை.

தாலித் தட்டு சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். எங்கள் தூண் பக்கம் வந்ததும் தட்டைக் கொண்டு வந்த பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். லெட்சுமி அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடத்தில் தாலி. இங்கேயே நின்றால் அந்தப் படம் இல்லை.

பெரிய கேமராவை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டு சுவரோரமாக முன்னால் போனேன். சத்தத்தை நிறுத்தியிருந்தேன். மணவறைக்குப் பக்கத்தில் குந்தி எடுக்க ஆரம்பித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. இப்படியே முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, போனில் வீடியோ எடுத்த மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் இருட்டாக இருக்கிறதே என்று எட்டி டியூப் லைட்டைப் போட்டார்.

எடுத்ததைத் திருப்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் கோடு, தர்ஷினியின் கன்னத்திலும் கோடு. பூசாரி தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மேளம் இன்னும் ஏறவில்லை. சத்தமில்லாமல் எடுத்தால் படம் பாழ். சத்தத்தோடு எடுத்தால் நான் இருப்பது தெரிந்துவிடும். என்னங்க, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள்?

சத்தத்தைப் போட்டேன். ஒரு படம் எடுத்தேன், கோடு இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா திரும்பினார்.

“தாலி ஏறுற நேரத்துல முன்னுக்கு நிக்கிறது யாரு? புருஷன் இல்லாதவ தானே? எந்திரிச்சுப் பின்னுக்குப் போ.”

பூசாரியின் கை தாலியோடு அப்படியே நின்றது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். நான் எழுந்துவிடத்தான் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு லெட்சுமி அக்கா வந்தார். கனமான அந்தக் கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“அவ நிக்கட்டும். நானும் இங்கதான் நிக்கப் போறேன்” என்று சொல்லி என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினி தலையை நிமிர்த்தி, பூசாரி ஐயா, கட்டச் சொல்லுங்க என்றாள். மேளம் கொட்டியது. எடுத்தேன். முடிச்சு விழுகிற படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதைவிட, அந்தப் பிள்ளை கட்டியவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்க்கிற ஒரு படம் விழுந்திருக்கிறது. அதை உங்களால்கூட எடுத்திருக்க முடியாது. ஏன் முடியாது என்று சொல்லட்டுமா? அம்மாவை நீங்கள் அந்த இடத்தில் நிற்கவே விட்டிருக்க மாட்டீர்கள்.

ஆமாம், இதுதான் என் கோபம். ‘கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கம்மா’ என்று எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? மரியாதையாகத்தான் சொல்வீர்கள், சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அவர்களும் போய்விடுவார்கள். நானும் லைட்டைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். என் நெற்றி வெறுமையாகும் வரை அது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்கும் சேர வேண்டியதுதான்.

பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டார். வெலிமடைக் குடும்பத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அதற்கு என்னைக் கூப்பிடப் போவதில்லை. வேறு யாராவது கூப்பிடுவார்களா? தெரியவில்லை. திங்கட்கிழமை கண்ணாடிக் கேமராவை நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னதை வைத்துக்கொண்டேன், இன்னொரு பெட்டரியும் வாங்கினேன். உங்கள் நீள லென்ஸை யாருக்காவது கொடுத்துவிடுவேன், கோபிக்காதீர்கள்.

நேற்று நம் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் ஊரே நிற்கிறது, அப்போதே மாமாவை இழந்திருந்த உங்கள் அம்மா மட்டும் இல்லை. அத்தையிடமே கேட்டேன். குசினிக்குள் அடுப்படியில் இருந்தாராம், மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறியது தெரிந்ததாம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்களா?

உங்களையும் அத்தையையும் சேர்த்து வைத்து இனி எடுக்க முடியாது. அந்தத் தப்பு தப்பாகவே இருக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாம் பின்னுக்கு அனுப்பிய அம்மாக்களை தோட்டத்து லயக் குடியிருப்புகளில் ஒவ்வொரு லயமாகத் தேடிப் போய், மகளோடு, மகனோடு நிற்க வைத்துக் கூலி வாங்காமல் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை முதல் படம் அத்தைக்கு. புடவையை இப்போதே மடித்து வைத்துவிட்டார். மகன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு இனி மகளும் நான்தான்,
புவனேஸ்வரி