நுரை பொங்கிய கரைசல்

சென்னை,
தை 12, 1973

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

புரதக் கரைசலை எந்திரத்தில் சுழற்றி, எது சீக்கிரம் அடியில் இறங்குகிறதென்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. வடவாற்றங்கரையில் பண்ணை விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டுப் பதர் நீக்குவீர்களே, கிட்டத்தட்ட அதுதான். ஈரநெல் வாசம்தான் இல்லை. அந்த நினைப்பில், நேற்று நெல்லை அளைவதுபோல் வேகமாகக் கலக்கிவிட்டேன். நுரை பொங்கியது.

"நுரைச்சா புரதம் கெட்டுப்போயிடும் தம்பி, மெதுவா," என்று பேராசிரியர் சிரித்தார்.

இன்று மறுபடி செய்தேன். தனித்தனியே மெதுவாக இறங்கிய இரண்டு புரதங்கள், ஒன்றையொன்று பற்றிக்கொண்டதும் விரைவாக இறங்கின.

கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்புங்கள். இங்கே சாப்பாடு சப்பென்று இருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அறுவடைக் கூலி கேட்கப் பண்ணைக்குப் போனால் எல்லோரோடும் சேர்ந்தே போங்கள், அம்மா. அப்பா தனியாகத்தான் போனார்.

உங்கள் மகன்,
தங்கையன்