குழியைச் சுற்றி ஒரு தடம்

மார்கழி, ஞாயிறு இரவு.

பட்டு வியாபாரி ஏகாம்பரம் அண்ணன் இறந்த பிறகு, இன்று காலைதான் நானும் எஞ்சினீயர் ராகவனும் மறுபடி கோல்ஃப் ஆடினோம். ராகவன் பங்களாவுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் வளர்த்த புல்தரை அது.

பந்து விழவேண்டிய குழியருகே வந்தால் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, குழியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் பந்தைத் தட்டுவார். பிரகாரம் சுற்றுகிறார் என்று கேலி செய்வோம்.

இன்று எங்கள் இருவர் பந்தும் விழுந்தாகிவிட்டது. ராகவன் குழியிலிருந்து எடுத்த கொடிக்கம்பைத் திரும்ப நடாமல் பிடித்தபடியே நின்றான்.

"இன்னும் யாருக்குப்பா நிக்கிற?"

"பேசாத. அண்ணன் சுத்திக்கினு இருக்காரு."

பழக்கதோஷம் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். நாங்கள் இருவரும் ஷூ போட்டிருந்தோம். பனி படிந்த புல்லில் வெறுங்கால் தடம் குழியைப் பாதி சுற்றியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி பதிந்தது.

ஓடத் தோன்றவில்லை. அவர் பந்து வரும் வழியை மறைக்கக்கூடாதென்று விலகி நின்றேன்.