உனக்குச் சொன்ன பாதி

விஸ்வநத்தம்,
13-3-1961

கர்த்தருக்குள் அன்பான நேசகுமாருக்கு, பால்துரை தோத்திரம் சொல்லி எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இது நானே எழுதியது! ஊர்ப் பள்ளிக்கூடத்து ஞானபூரணி டீச்சரிடம் அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தேன். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது.

நாம் பேசி எட்டு வருஷம். அன்று நற்கருணை முடிந்து கோயில் வாசலில் நீ, "ஏலே, ரொட்டிக்குக் கும்பிடு போடுதியே" என்றாய். நான், "வெறும் ஞாபகத்துக்குன்னா சிவகாசி காலண்டர் போதாதாலே" என்றேன். கூட நின்ற தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நீ மகன் வீட்டோடு அச்சங்குளம் போய்விட்டாய்.

நான் நாசரேத்துப் பக்கம் எஸ்.பி.ஜி. மிஷன் சபையில் வளர்ந்தவன். எனக்கு மெழுகுவர்த்தி வேண்டும், தலைவணக்கம் வேண்டும். நீ சி.எம்.எஸ். மிஷன்; உனக்கு வெறும் மேசை போதும். அப்பத்தில் கர்த்தர் இருக்கிறார் என்பேன் நான். நினைவுகூரத்தான் அது என்பாய் நீ.

போன வாரம் ஜெபப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அப்பம் கொடுக்கும்போது பாதிரி அய்யர் சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். இது கர்த்தரின் சரீரம், உன்னைக் காக்கட்டும் என்பது ஒன்று. அவர் உனக்காக மரித்ததை நினைத்துச் சாப்பிடு என்பது அடுத்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமென்று நம் பழைய அய்யர் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். நாம் சேர்ந்து போன முப்பது வருஷமும் பீடத்துக்கு முன்னால் கிராதியோரத்தில் முழங்கால் போடும்போது நான் முதல் ஆள், எனக்கு முதல் வாக்கியம்; நீ இரண்டாவது ஆள், உனக்கு அடுத்தது. பக்கத்து ஆளுக்குச் சொன்னதை நாம் காதிலேயே வாங்கவில்லை.

அந்த ஜெபத்தை எழுதியவர்கள் நம்மைப்போல் இரண்டு பேரைப் பார்த்திருப்பார்கள். ஒருவரையும் வெளியே தள்ளவில்லை.

ஈஸ்டருக்கு வருவாயா?

பால்துரை

அச்சங்குளம்,
20-3-1961

(மாமா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். மருமகள் ஜெயக்கொடி.)

ஏலே பால்துரை, நீ எழுதுனதுன்னு மருமக சொன்னப்ப நான் நம்பல. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். காலண்டர்னு சொன்னியே, அது இன்னும் சுடுதுலே. ஆனா இங்கன கோயில்ல எனக்கு முன்னால ஒரு ஆளு எடம் விட்டுத்தான் முழங்கால் போடுதேன். ஏன்னு யார்ட்டயும் சொன்னதில்ல.

மெழுகுவர்த்திக்குத் தல குனிய மாட்டேன். ஆனா வாரேன். இந்தத் தடவ நான்தான் முதல்ல. நீ எனக்கு அடுத்து.

நேசகுமார்

விஸ்வநத்தம்,
27-3-1961

அன்பான நேசகுமாருக்கு, தோத்திரம்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்து நிற்பேன். நீ குனிய வேண்டாம். நான் குனிவேன், நீ பொறுத்துக்கொள். போன மாதம் வந்த புது அய்யரிடம் நம் கதையைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் முழுசாவே சொல்லுதேன்" என்றார். இந்த ஒரு தடவை பழையபடி ஆளுக்குப் பாதியாகவே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உனக்குச் சொன்ன பாதியை உன் இடத்தில் இருந்து நான் கேட்க வேண்டும்.

அடுத்த வாரமும் எழுதுவேன். நீ எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் தபாலில்தான் போடுவேன்.

பால்துரை