வலையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன், மதினி

மதினி,

இன்று காலை தொட்டி வலையின் மேல் ஒரு வெள்ளைச் சிறகு கிடந்தது. கொக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெறும் வாயோடு போயிருக்கிறது. பதினொரு கெண்டையும் பத்திரம். சிறகைக் கையில் எடுத்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அண்ணன் கப்பலேறிவிட்டால் எட்டு மாதம் வீட்டில் நாம் இருவர்தான். அதனால்தான் புறவாசல் சிமெண்டுத் தொட்டியில் சிவப்புக் கெண்டை விட்டீர்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டியில் மீன் வளர்க்கிறாள் என்று தெருவே சிரித்தது. "வீட்டுல அசையுத மாதிரி ஒண்ணு வேணும்லா" என்றீர்கள். அதோடு சரி.

கொக்குக்கு நம் பூசை நேரம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நாம் மாதா கோவிலுக்குக் கிளம்பியதும் வரும். முதல் வாரம் இரண்டு மீன், அடுத்த வாரம் மூன்று. கீழவைப்பாருக்குப் போய் உங்கள் அப்பாவின் பழைய வலையைத் தூக்கிவந்து தொட்டிமேல் கட்டினீர்கள். நடுவில் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தொங்கியது. இறுக்கிக் கட்டலாமே என்றேன்.

"வலைன்னா தொங்கணும் ஏளா. இறுக்குனா மீன் விழுமா?"

"நமக்கு மீன் விழ வேண்டாமே, மதினி."

கேட்டால்தானே! ஆபீஸில் டைப் அடிக்கிறவளா உங்களுக்கு வலை கட்டச் சொல்லித்தருவது? அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால், தொங்கிய வலையில் ஊஞ்சலாடுகிற மாதிரி நின்றுகொண்டு, வலைக் கண் வழியே அலகை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது கொக்கு. நீங்கள் அழுதீர்கள். பிறகு பூசைச் சேலையை வரிந்து கட்டித் தொட்டிக்குள் இறங்கினீர்கள். வலையைத் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே விறைப்பாக இழுத்துக் கட்டினீர்கள். "இனி எவன் வாரான்னு பாப்போம்" என்றீர்கள். அன்றிலிருந்து நம் இருவருக்கும் சாயங்காலப் பூசைதான்.

நீங்கள் இறந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரமே, கப்பல் வேலையை விட்டு வந்துவிட்ட அண்ணன் ஒரு டிராக்டர் மண்ணைப் புறவாசலில் கொட்டினான். "அவளே போயிட்டா, தொட்டி எதுக்கு? மூடிட்டு கார் நிப்பாட்டலாம்." தொட்டியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

வலையின் கயிறெல்லாம் வெயிலில் நைந்து, வலை மறுபடியும் தொங்க ஆரம்பித்திருந்தது. அண்ணன் காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, கொக்கிடம் கற்ற வித்தைதான், அந்த மண்ணை அரிசிச் சாக்குகளில் அள்ளினேன். வலையின் விளிம்பை இழுத்து இழுத்து, சுற்றிலும் எட்டு மூட்டை வைத்தேன்.

அண்ணன் வந்து பார்த்தான். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஆமா. மூடணும்னா என்னையும் சேத்து மூடு."

அதற்குப் பிறகு அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. எனக்குத்தான் இடுப்பு இன்னும் வலிக்கிறது. உங்கள் கோபம் எனக்கு வந்துவிட்டது, அதை யாருக்காகவும் இறக்கி வைப்பதாக இல்லை. கொக்கு நாளைக்கும் வரட்டும், மதினி. தொட்டியை மூட வந்த மண்தான் இப்போது உங்கள் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.