ஆய்வு நாளுக்குத் திறந்த அறை

உன் அறைக்கு நேற்று பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்த வாடையில் எனக்கு இன்னும் தலை வலிக்கிறது. மருந்து ஆலோசனைக்கென்று ஆஸ்பத்திரி வார்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி நீ வாங்கிய அறை. நீ போன மறுமாதமே உடைந்த நாற்காலிகளை உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். இன்று நம் பார்மசி கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது என்றதும் நாற்காலிகள் மாடிப்படிக்கு அடியில் போயின. டவுண் ரதவீதியில் வாங்கிய சந்தன மாலை உன் படத்தில் ஏறியது. போட்டவர் யார் தெரியுமா? இந்த அறையே தண்டம் என்று சொன்ன அதே முதல்வர்தான்.

நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் வகுப்போடு நின்றுகொண்டேன். நீதான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனாய். "பையில இருக்கதை எல்லாம் கட்டில்ல கொட்டுங்க" என்பாய் நோயாளிகளிடம். ஏரலிலிருந்து வந்த அந்தப் பெரியவர், அடிக்கடி தலைசுற்றி விழுந்தவர், நினைவிருக்கிறதா? ஒரே ரத்த அழுத்த மாத்திரை, இரண்டு கம்பெனிப் பெயரில். "ஒண்ணு எங்கூர் டாக்டர் தந்தது, இன்னொண்ணு இங்கன பெரிய டாக்டர் தந்தது. ஒருத்தரை விட்டா மரியாதையா இருக்காதுல்லா, தாயி" என்றார். உனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாய். அவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "பார்மசி டீச்சருக்கு வார்டுல என்ன ஜோலி?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். அன்று உன்னோடு வந்திருந்த நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுட்டி. ஆள் விழுந்த பிறகு எல்லாருக்கும் ஜோலி இருக்கு. விழுததுக்கு முன்னாலதான் ஒருத்தரையும் காணோம்" என்றாய்.

இப்படி இரட்டை மாத்திரை போடுகிறவர்களைத் தேடியதுதான் உன் ஆராய்ச்சி. இன்று அது வழவழப்பான தாளில் அச்சாகி ஆய்வுக்குழுவின் மேசையில் இருக்கிறது. அதைச் செய்த அறை இத்தனை நாளும் பூட்டிக் கிடந்தது.

காலையில் என்னை வெள்ளைக் கோட்டோடு உன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே நோயாளியாக நடிக்க, நம் மாடியைக் கூட்டும் பேச்சியம்மாளை நல்ல சேலை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். கேலிக்கூத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? எழுந்து போய்விடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் அவள், "டீச்சர், சும்மாதான உக்காந்திருக்கோம், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சர்க்கரை மாத்திரைகள், எல்லாம் பாதிப் பாதியாக.

"பாதி நான் போடுதேன், பாதி எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கேன். அவருக்கும் சுகர்தான."

அந்த மனிதர் டாக்டரிடம் போனதே இல்லையாம். காலில் புண் ஒன்று ஆறாமல் இருக்கிறதாம்.

திட்டாமல் கேட்க வேண்டும். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது ஒன்றுதான். எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, புண் எந்த விரலில் என்று பைய ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாசலில் முதல்வர் இருமினார். ஆய்வுக்குழு அவருக்குப் பின்னால் நின்றது. நான் எழுந்து வணக்கம் சொல்வேன் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"கொஞ்சம் வெளிய இருங்க சார்," என்றேன். "பேஷண்ட் இருக்காங்க."